கூடப் போனவர்கள்: விழுப்புரம் மண்ணில் மருத்துவமனைக் கதவைத் திறந்தவர்களின் வரலாறு

அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போனால் சீக்கிரமே ஒரு கேள்வி வரும்: "கூட யாரு வந்திருக்கீங்க?" திண்டிவனம் ஜி.எச்.சிலும் முண்டியம்பாக்கத்திலும் ஜிப்மரிலும் இதே கேள்விதான். படித்த ஆளும் கையில் கொஞ்சம் காசும் உள்ள குடும்பத்துக்கு இது சாதாரணக் கேள்வி. சூளையில் முன்பணம் வாங்கி மாட்டிக்கொண்ட இருளர் குடும்பத்துக்கும், வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட திருநங்கைக்கும், பக்கத்து வீட்டுக்குத் தெரியாமல் எச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடும் காலனிப் பெண்ணுக்கும் சிகிச்சை பல நேரம் இந்தக் கேள்வியோடு நின்றுவிடுகிறது.

"நான் வந்திருக்கேன்" என்று அங்கே பதில் சொன்னவர்களுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் மருத்துவரோ நர்ஸோ அல்ல. அதே நோயையும் அதே அவமானத்தையும் தங்கள் உடம்பில் தாங்கியவர்கள். திட்ட ஆவணங்கள் அவர்களைச் 'சக கல்வியாளர்' என்றும் 'களப்பணியாளர்' என்றும் குறிப்பிடுகின்றன. மாணவத் தோழர்கள் இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறோம்.

சட்டம் திறந்த கதவும் திறக்காத கதவும்

தீண்டாமையைக் காரணம் காட்டி மருத்துவமனையில் ஒருவரைச் சேர்க்க மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே குற்றம். பிறகு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியதும் அதே சட்டம்தான். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் கொண்டுவந்த திருத்தம், மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் நுழையவிடாமல் ஒரு தலித்தையோ பழங்குடியையோ தடுப்பதை வன்கொடுமைப் பட்டியலில் சேர்த்தது. ஏட்டில் கதவு திறந்து 70 ஆண்டுகள் ஆகின்றன.

நடப்பு வேறு. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆய்வு செய்து 2006இல் வெளிவந்த 'அன்டச்சபிலிட்டி இன் ரூரல் இந்தியா' என்ற நூல், மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் அரசு சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்குப் போக மறுத்ததைப் பதிவு செய்தது. அதாவது ஆஸ்பத்திரிக்கு வரும் தலித்தைத் தடுப்பது மட்டுமல்ல, சேரிக்கு வராமலே இருந்துவிடுவதும் தீண்டாமைதான். இந்த இரண்டாவதைப் பிடித்துத் தண்டிப்பது கடினம். வராதவர் மீது யார் புகார் எழுதுவது?

1978ஐ நாம் விழுப்புரத்தை வைத்து நினைவில் கொள்கிறோம். அந்த ஜூலையில் இங்கே 12 தலித்துகள் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் சோவியத் நாட்டின் அல்மா ஆட்டா நகரில் உலக நாடுகள் கூடி, 2000ஆம் ஆண்டுக்குள் அனைவருக்கும் நலவாழ்வு என்று அறிவித்தன. தங்கள் மருத்துவத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை என்றது அந்தப் பிரகடனம். எந்த மக்கள் என்ற கேள்வி நமக்கு அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அந்தக் கேள்விக்கு மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட் ஏற்கெனவே ஒரு பதில் வைத்திருந்தது. 1970இல் அங்கு வேலையைத் தொடங்கிய ரஜினிகாந்த் ஆரோளே, மேபெல் ஆரோளே என்ற மருத்துவத் தம்பதி, கிராமப் பெண்களையே சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், பலர் தலித் பெண்கள். தொட்டால் தீட்டு என்று ஒதுக்கப்பட்ட கைகள் ஊர்க்காரர்களின் பிரசவத்தையும் பார்த்தன. மருந்தைக் கொண்டு சேர்ப்பவர் யார் என்பதை மாற்றினால் சாதியும் அசையும் என்று ஜாம்கேட் காட்டியது.

பரிசோதனை முதலில் பூட்டாக வந்தது

தமிழ்நாட்டில் இந்த வேலை பெரிய அளவில் வளர்ந்தது எச்.ஐ.வி.யை ஒட்டித்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமன் வழிகாட்டலில் நிர்மலா என்ற மாணவி, பாலியல் தொழிலாளிகளின் ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது ஆறு பேருக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டது இப்படித்தான்.

அந்த அறிவியல் சாதனையைப் பாடப் புத்தகம் சொல்லும். அதன் பிறகு நடந்ததையும் நாம் சேர்த்துப் படிக்க வேண்டும். தொற்று உள்ளதாகக் கண்டறியப்பட்ட பெண்கள், தண்டனைக் காலம் முடிந்த பிறகும் அரசுக் காப்பகங்களிலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் பொதுநல வழக்குத் தொடுத்து, சென்னை உயர் நீதிமன்றம் 1990இல் உத்தரவிட்ட பிறகே வெளியே வந்தார்கள். ரத்தம் கொடுத்தால் பூட்டி வைப்பார்கள் என்று தெரிந்த பிறகு யார் கையை நீட்டுவார்கள்? ஒடுக்கப்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்கு வராததற்கு 'அறியாமை' என்று காரணம் சொல்லும் அதிகாரிகளுக்கு இந்த வரலாறு ஒரு பதில். அந்தப் பயம் அனுபவத்தில் விளைந்தது.

அந்தப் பயத்தைப் போக்கியதில் சுவரொட்டிகளைவிடப் பெரிய பங்கு மனிதர்களுடையது. 1997இல் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் சென்னையில் தங்களுக்கென ஒரு இந்திய அளவிலான கூட்டமைப்பை உருவாக்கினார்கள். அடுத்த ஆண்டு நாமக்கல்லைச் சேர்ந்த கௌசல்யா, தொற்றுள்ள மற்ற பெண்களோடு சேர்ந்து பாசிட்டிவ் பெண்கள் கூட்டமைப்பைத் தொடங்கினார். "எனக்கும் இருக்கு, நான் உயிரோடு இருக்கேன்" என்று ஒருவர் எதிரில் உட்கார்ந்து சொல்வதற்கு ஈடான மருத்துவ ஆலோசனை கிடையாது. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது, மாத்திரை வாங்க வந்தவர்களை விடாமல் தொடரச் செய்ததில் இந்த அமைப்புகளின் உழைப்பு பெரிது. தமிழ்நாட்டில் பரிசோதனை மையத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர். அந்த நம்பிக்கையை உண்டாக்கியவர்கள் கதவுக்கு வெளியே நின்ற இந்த மனிதர்கள்.

கூவாகம்

விழுப்புரத்துக்கு இந்த வரலாற்றில் தனி இடம் உண்டு. உளுந்தூர்பேட்டை பக்கத்தில் உள்ள கூவாகம் கூத்தாண்டவர் கோயில், 2019இல் கள்ளக்குறிச்சி பிரியும் வரை விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தது. சித்திரைத் திருவிழாவுக்கு நாடெங்கிலுமிருந்து வரும் திருநங்கைகள் விழுப்புரம் நகரத்து விடுதிகளில் தங்குவார்கள். அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் தாலி அறுக்கும் அந்தச் சடங்கை ஊடகங்கள் படம் பிடித்தன. அதே நாட்களில் அங்கே இன்னொரு வேலையும் நடந்தது. ஆணுறை, பரிசோதனை, பால்வினை நோய்க்கான சிகிச்சை பற்றித் திருநங்கைகள் திருநங்கைகளிடம் பேசினார்கள், தங்களுக்குள் புழங்கும் மொழியிலேயே பேசினார்கள். அழகிப் போட்டி மேடையும் எச்.ஐ.வி. விழிப்புணர்வு மேடையானது.

எந்த வார்டில் படுக்க வைப்பது, சீட்டில் எந்தப் பெயரை எழுதுவது என்று ஒரு திருநங்கையை வாசலில் நிற்க வைத்துப் பேசும் இடத்தில், கூடப் போன இன்னொரு திருநங்கையே வழக்கறிஞராகவும் உறவாகவும் இருந்தார். இந்த வேலையில் பழகியவர்கள் பிறகு அடையாள அட்டைக்கும் ரேஷன் கார்டுக்கும் குரல் கொடுத்தார்கள். 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாடு அரசு நல வாரியம் அமைத்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

இதன் குறையையும் சொல்ல வேண்டும். தேசியத் திட்டம் சுமார் 60 பேருக்கு ஒரு சக கல்வியாளர் என்று கணக்குப் போட்டது. எத்தனை பேரைப் பார்த்தாய், எத்தனை ஆணுறை கொடுத்தாய் என்பதுதான் கேள்வி. அதே திருநங்கைக்குக் காசநோய் வந்தாலோ மனம் உடைந்தாலோ அது அந்தப் படிவத்தில் வராது. 'ஆபத்துக் குழு' என்று பார்த்த கண், முழு மனிதரைப் பார்க்கவில்லை.

திண்டிவனமும் இருளர்களும்

திண்டிவனத்தில் இந்த வேலை வேறு பாதையில் வளர்ந்தது. பேராசிரியர் பிரபா கல்விமணியின் முன்முயற்சியில் உருவான பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் முதலில் எதிர்கொண்டது காவல் நிலையத்தைத்தான். 2011 நவம்பரில் திருக்கோவிலூர் அருகே நான்கு இருளர் பெண்கள் மீது காவலர்கள் நிகழ்த்திய பாலியல் வன்கொடுமை வெளியே வந்தபோதும் அந்தப் பெண்களோடு நின்றது இந்தச் சங்கம். இப்படிப்பட்ட வழக்கில் மருத்துவப் பரிசோதனை முக்கியமான சாட்சியம். சீருடைக்குப் பயந்த ஒரு பெண், இன்னொரு அரசுக் கட்டடத்துக்குள் தனியாக எப்படிப் போவார்? கூட ஆள் இல்லையென்றால் அந்தச் சாட்சியம் கிடைக்காமல் போகலாம், வழக்கும் பலவீனமாகலாம்.

இருளர்களுக்கு நோய்க்கு முன்னால் காகிதம் வந்து நிற்கிறது. குடும்ப அட்டை, வருமானச் சான்று இவையெல்லாம் இருந்தால்தான் காப்பீட்டு அட்டை. வேலை தேடி ஏரிக்கரைக்கும் சூளைக்கும் அலையும் குடும்பத்துக்கு எந்த வி.ஏ.ஓ. முகவரி எழுதிக் கொடுப்பார்? இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் அதே 1978இல்தான் தொடங்கப்பட்டது. இந்தியாவின் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பகுதியைத் தருவது அந்த உழைப்பு. நாட்டுக்கே மருந்து கொடுக்கும் இனத்துக்கு ஓ.பி. வரிசையில் நிற்கத் துணை தேவைப்படுகிறது. இதை அவர்களின் பின்தங்கிய நிலை என்று யாராவது சொன்னால் நாம் ஒப்புக்கொள்ளக் கூடாது.

கருணாபுரம் சொன்னது

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இறந்தவர்களில் பெரும் பகுதியினர் தலித்துகள், கூலிகள். மெத்தனால் உள்ளே போனால் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு. சீக்கிரம் வந்தால் பிழைக்கலாம், தாமதித்தால் கண் போகும், உயிர் போகும். ஆனால் முதல் சாவுகளுக்குச் சாராயம் காரணமல்ல என்று மாவட்ட நிர்வாகமே முதலில் சொன்னது. குடித்ததை வெளியே சொன்னால் வழக்கு வருமோ என்ற பயம் வேறு. பலர் காலம் கடந்துதான் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். காலனிக்குள் எல்லா வீடும் தெரிந்த, எல்லோரும் நம்பும், போலீசுக்கு ஆள்காட்டாத ஒரு சுகாதாரப் பணியாளர் முதல் நாள் இரவே கதவைத் தட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வேலைக்குப் பெயரும் கூலியும்

அரசுக்கு இந்த வேலையின் மதிப்பு தெரியும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சுய உதவிக் குழுப் பெண்களை வீடு வீடாக அனுப்பி சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்கிறது. நல்ல திட்டம். அந்தப் பெண்களுக்குப் பெயர் 'தன்னார்வலர்'. கொடுப்பது ஊக்கத்தொகை, மாதம் 4,500 ரூபாயில் தொடங்கியது. எச்.ஐ.வி. திட்டத்தின் சக கல்வியாளருக்கும் கிடைப்பது மதிப்பூதியம்தான். உயிரைக் காக்கும் வேலையைச் சேவை என்று புகழ்ந்துவிட்டுக் கூலியைக் குறைப்பது நம் சமூகத்துக்குப் பழகிய தந்திரம். மலம் அள்ளியவர்களையும் பிணம் எரித்தவர்களையும் இப்படித்தான் ஏமாற்றினார்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. கூடப் போகும் வேலையைத் தொழிலாளர் உரிமைகளோடு கூடிய அரசு வேலையாக்க வேண்டும். சேரியிலிருந்தும் இருளர் குடியிருப்பிலிருந்தும் திருநங்கைகளிடமிருந்தும் அவரவர் ஆட்களையே அமர்த்த வேண்டும். ஒரே நோய்க்கு மட்டும் என்று அவர்களைக் கட்டிப்போடக் கூடாது. மருத்துவமனையில் பாகுபாடு நடந்தால் எழுத்தில் புகார் பதிய அவர்களுக்கு அதிகாரம் வேண்டும். எச்.ஐ.வி. உள்ளவரைப் பாகுபடுத்துவதைத் தடுக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதைப் படித்து வைத்திருப்பவர்கள்தான் குறைவு.

மாணவத் தோழர்கள் இந்த விடுமுறையில் ஒரு காரியம் செய்யலாம். உங்கள் ஊராட்சியில் வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் ஊரிலிருந்து வருகிறாரா, காலனியிலிருந்து வருகிறாரா, காலனித் தெருவின் கடைசி வீடு வரை போகிறாரா என்று விசாரித்து எழுதுங்கள். அந்தக் கடைசி வீட்டில் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் படுத்திருப்பவர் யாராவது இருந்தால், கணக்கெடுப்பை மூடி வைத்துவிட்டு முதலில் அவரோடு கூடப் போங்கள்.

ஜெய் பீம்.