தயோபென்டாலின் பயணம்

குப்பிக்குள் வெளிர்மஞ்சள் தூள். தண்ணீரில் கரைத்து நரம்பில் ஏற்றினால் அரை நிமிடத்தில் நினைவு தப்பிவிடும். கண் சொருகும் முன் வாயில் பூண்டு வாடை அடித்ததாகச் சில நோயாளிகள் சொல்வதுண்டு. அமெரிக்காவின் அபாட் நிறுவனத்தில் வோல்வைலரும் டேபர்னும் உருவாக்கிய இந்தத் தயோபென்டால் 1934-இல் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தப்பட்டது. ஈதரை முகரவைத்து, திமிறுகிறவரை அமுக்கிப் பிடித்த அறுவை அரங்குகளுக்கு அது பெரும் விடுதலை.

1977-இல் ஓக்லஹோமா மாநிலம் மரண தண்டனைக்காக அதைச் சிறைக்குள் இழுத்தது. தலைமைப் பிணப்பரிசோதகர் ஜே சாப்மன் சொன்ன யோசனை சட்டமானது: நினைவைப் போக்க ஒரு மருந்து, தசைகளை முடக்க இன்னொன்று. இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு பிறகு சேர்ந்தது. 1982 டிசம்பரில் டெக்சாஸில் சார்லஸ் புரூக்ஸ் விஷ ஊசியால் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட முதல் மனிதரானார்.

என்னை உறுத்துவது தசைகளை முடக்கும் அந்த நடு ஊசிதான். தயோபென்டால் சரியாக ஏறாவிட்டால் கைதிக்கு நினைவு இருக்கும். பொட்டாசியம் நரம்பை எரிக்கும். ஆனால் முனகக்கூட முடியாது. கண்ணாடிக்கு அப்பால் நிற்பவர்களுக்கு அமைதியான சாவாகத் தெரியும். யாருடைய நிம்மதிக்காக அந்த மருந்து? 2008-இல் இம்முறையை எதிர்த்த பேஸ் வழக்கில் இதெல்லாம் வாதிடப்பட்டும், அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

தட்டுப்பாடு வேறு பக்கமிருந்து வந்தது. அமெரிக்காவுக்கான ஒரே தயாரிப்பாளர் ஹோஸ்பிரா, உற்பத்தியை இத்தாலிக்கு மாற்ற முனைந்தது. மரண தண்டனைக்குப் போகாதென்று உறுதி கொடு என்றது இத்தாலி. கொடுக்க முடியாமல் 2011 ஜனவரியில் மருந்தையே கைவிட்டது நிறுவனம். முதியோர், இதய நோயாளிகள், பிரசவப் பெண்கள் ஆகியோருக்கு வேண்டிய மருந்து போய்விட்டதே என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் கலங்கியது.

சிறைகளோ அதற்குள் கடை தேடி அலைந்தன. லண்டனில் ஒரு டிரைவிங் ஸ்கூலின் பின்னறையில் இயங்கிய மருந்து வணிகரிடம் வாங்கின. பிரிட்டன் ஏற்றுமதியை முடக்கியது. நெப்ராஸ்காவும் தென் டகோட்டாவும் மும்பையின் கேயெம் நிறுவனத்திடம் வாங்கின. கண்டனம் எழுந்ததும் கேயெம் இனி விற்பதில்லை என்றது. 2015-இல் டெக்சாஸும் அரிசோனாவும் வெளிநாட்டிலிருந்து தருவித்த பெட்டிகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு விமான நிலையத்திலேயே நிறுத்தியது.

பல மாநிலங்கள் தயோபென்டாலுக்குப் பதிலாக வேறு மருந்துகளுக்கு மாறின, விற்பவர் பெயரை மறைக்கவும் சட்டம் போட்டன. தன் உடம்பில் ஏறப்போவது எங்கே, யாரால் தயாரானது என்று கேட்கும் உரிமையைக்கூடக் கைதியிடமிருந்து பறித்த இந்தச் சட்டங்களை என்னால் ஏற்க முடியவில்லை.