எழுத்தெண்ணிப் படிக்க வேண்டிய பள்ளி

சென்னைத் திருவல்லிக்கேணியில் வழி கேட்டால், அப்பகுதியார் சாலையின் பெயரைச் சொல்வது அரிது. நெடுஞ்சாலைக்குக் காயிதே மில்லத்தின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. பைகிராப்ட்ஸ் சாலை பாரதி சாலையாகியிருக்கிறது. ஆயினும் "பெரிய மசூதியைத் தாண்டி", "ஜாம்பஜாருக்கு இப்பால்" என்றே விடை கிடைக்கும். இப்பேட்டையைக் காண விரும்புகின்றவர் அவர்களைப் போலவே அஸர் தொழுகைக்குப் பின் கால்நடையாகப் புறப்படுதல் நலம். பாரதி சாலையின் நடைபாதையில் பழைய நூல்களைப் புரட்டிவிட்டு, காய்கறிக் கூடைகளுக்கும் வண்டிகளுக்கும் ஒதுங்கி ஒதுங்கி நடந்தால் மஃரிபுக்கு முன் பெரிய மசூதியை அடைந்துவிடலாம். அதன் பரந்த முற்றத்தில் கால் வைத்ததும் தெருவின் இரைச்சல் பின்தங்கிவிடும்.

கர்நாடக நவாபு முஹம்மது அலி வாலாஜா சேப்பாக்கத்தில் அரண்மனை அமைத்தது 1768-இல். அரண்மனை நிழலில் ஆலிம்களும் எழுத்தர்களும் வந்து குடியேறினர். 1855-இல் நவாபு குலாம் கௌஸ் கான் மகவின்றி மறைந்ததும் கும்பெனியார் நவாபுப் பட்டத்தையே ஒழித்தனர், அரண்மனையும் கைமாறிற்று. நிலைத்தது சாம்பல்நிறக் கருங்கல்லால் எழும்பிய இப்பள்ளியே.

வாலாஜா மறைந்த பின் அவர் நினைவாக மக்கள் இதனைக் கட்டினர் என்று பலரும் எழுதிவிட்டனர். இதனை நான் ஏற்பதற்கில்லை. பள்ளியினுள் கல்லிற் பொறித்த ஆண்டுக் குறிப்பு ஒன்று உள்ளது. "திக்ருல்லாஹி அக்பர்" என்பதே அது. இறைவனை நினைவுகூர்தல் மிகப் பெரிது என்பது பொருள். அரபு எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டென்பதும், அவற்றைக் கூட்டி ஆண்டு காண்பதை அப்ஜது கணக்கு என்பதும் மத்ரஸாவில் ஓதியோர் அறிந்ததே. தால் 700, காஃப் 20, ரா 200. ஆக முதற்சொல் 920. அல்லாஹ் என்னும் திருநாமம் 66. அக்பர் 223. மொத்தம் 1209.

ஹிஜ்ரி 1209-ஆம் ஆண்டு 1795 ஜூலைத் திங்களில் முடிந்துவிட்டது. நவாபு இறையடி சேர்ந்ததோ அவ்வாண்டு அக்டோபர் 13-இல். இறவாத தந்தைக்கு நினைவுப் பள்ளி எழுப்புவார் உண்டோ? கிறித்தவ ஆண்டை மட்டும் பார்த்தவர்க்கு இரண்டும் 1795-ஆகத் தோன்றியதால் நேர்ந்த பிழை இது.

இக்குறிப்பை இயற்றியவர் நவாபின் பாரசீக முன்ஷியான ராஜா மக்கன்லால் கிரத் என்னும் இந்துப் புலவர். பள்ளிக்கு ஆண்டு குறிக்க அத்தனை ஆலிம்களிடையே அவரைத் தேர்ந்தார்கள் என்றால், அக்காலத்துப் புலமை எவ்வாறு மதிக்கப்பட்டதென்பது விளங்கும். இந்நாளில் மயிலாப்பூரிலிருந்து சூஃபிதார் அறக்கட்டளையைச் சேர்ந்த சிந்தி மக்கள் ரமலானில் இங்கே நோன்பு திறக்க உணவளித்து வருகின்றார்கள். அம்முற்றத்துக்கு அது புதுமையன்று.

வளாகத்தில் இரு அடக்கத்தலங்கள் உள. 1972-இல் மறைந்த காயிதே மில்லத்தின் கப்ரை யாவரும் அறிவர். மற்றொன்றின் அருகே நிற்போர் குறைவு. லக்னோவின் பிரங்கி மஹலிலிருந்து வந்து, 1810-இல் இங்கே வஃபாத்தான மௌலானா அப்துல் அலீ பஹ்ருல் உலூம் அவர்கள் அங்கே துயில்கின்றார்கள். அன்னாரின் தந்தையார் முல்லா நிஜாமுத்தீன் வகுத்ததே தர்ஸே நிஜாமீ. அப்பாடத்திட்டத்தில் ஓதி வளர்ந்த எனக்கு, ஆசிரியரின் ஆசிரியர் வீட்டு வாயிலில் நிற்கின்ற கூச்சம் அங்கே உண்டாகும்.

சென்ற முறை மாணவர் இருவரை உடன் அழைத்துச் சென்று, அக்குறிப்பைக் கூட்டச் சொன்னேன். ஒருவன் கூட்டி 1208 என்றான். அக்பரின் அலிஃபை விட்டுவிட்டான். ஓர் அலிஃபுக்கு ஓர் ஆண்டு போயிற்றே என்றேன். சிரித்துக்கொண்டு முதலிலிருந்து மீண்டும் எண்ணத் தொடங்கினான்; அதற்குள் பாங்கு ஒலித்தது.