மூன்றாவது தடவை முடியாத செய்தி

காலியிலிருந்து மாத்தறைக்குப் போகும் வழியில் கொக்கல இருக்கிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்குள்ள களப்பில்தான் நீரில் இறங்கும் கட்டலினா விமானங்கள் நின்றன.

1942 ஏப்ரல் 4. ஒரு கட்டலினா அங்கிருந்து தெற்கே கிளம்பியது. ஜப்பானியக் கப்பல்கள் வருகின்றனவா என்று பார்ப்பதே வேலை. விமானி கனடாவைச் சேர்ந்த லெனார்ட் பேர்ச்சால். அவரோடு எட்டுப் பேர். இலங்கைக்கு வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

நடுக்கடலில் அடையாளம் பார்க்க ஒன்றும் கிடையாது. திசைகாட்டி, வேகம், நேரம், காற்று ஆகியவற்றைக் கணக்கிட்டு, வழி கணிப்பவர் வரைபடத்தில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வர வேண்டும். சின்னப் பிழையும் நேரம் போகப் போகப் பெருகும். அதனால் நிலவை அளந்து இடத்தைச் சரிபார்க்க விரும்பினார் அவர். அதற்காகக் கூடுதலாகப் பறந்தார்கள். தெற்கு அடிவானத்தில் புள்ளிகள் தெரிந்தன. கிட்டப் போனார்கள். இலங்கைக்குச் சுமார் 350 மைல் தொலைவில், ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் கொண்ட ஜப்பானியப் படை!

உடனே வானொலியில் செய்தி போனது: எந்த இடம், எந்தத் திசை, என்னென்ன கப்பல்கள். ஒரே செய்தியை மூன்று தடவை அனுப்புவது விதி. மூன்றாவது தடவை அனுப்பிக்கொண்டிருந்தபோது ஜப்பானியச் சண்டை விமானங்களின் குண்டு வானொலிக் கருவியைத் தாக்கியது. விமானம் கடலில் விழுந்தது. மூவர் இறந்தனர். ஆறு பேர் சிறைப்பட்டனர்.

செய்தி அனுப்பவேயில்லை என்று கைதிகள் சாதித்தார்களாம். ஆனால் செய்தியைத் திரும்பச் சொல்லும்படி கொழும்பு வானொலியில் கேட்டதை ஜப்பானியர் ஒட்டுக்கேட்டுவிட்டனர் என்று பேர்ச்சால் பின்னாளில் சொன்னார். போர் முடியும்வரை அவர் சிறையில்தான் இருந்தார்.

மறுநாள் காலை கொழும்பில் குண்டு விழுந்தது. அதற்குள் துறைமுகத்திலிருந்த பல கப்பல்கள் வெளியே அனுப்பப்பட்டிருந்தன. எச்சரிக்கை கிடைத்தும் எல்லாம் சரியாக நடந்துவிடவில்லை. இரத்மலானையில் விமானங்கள் தரையில் இருக்கும்போதே தாக்குதல் தொடங்கிவிட்டது. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரு கப்பல்கள் மூழ்கின.

வரலாறு பேர்ச்சாலின் பெயரை வைத்திருக்கிறது. நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அந்தப் பென்சில் கோட்டைப் பற்றித்தான். ‘கப்பல்களைக் கண்டோம்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் என்ன பயன்? தாங்கள் எங்கே நிற்கிறோம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்ததால்தான் அந்தச் சில சொற்களுக்குப் பெறுமதி வந்தது.

ஜப்பான் குண்டு போட்ட நாட்களைப் பற்றி உங்கள் வீட்டு மூத்தவர்கள் சொன்ன கதைகள் இருந்தால் எழுதுங்கள். அவையும் மறைந்துபோகக் கூடாது.