புனையா ஓவியமும் சென்னை ஓவியரும்

1920களில் தியாகராய நகர் எழுந்த பின்னர்க் கட்டப்பெற்ற பழைய இல்லங்களுள் இன்றும் எஞ்சி நிற்கும் சிலவற்றில், சாளரத்தின் மேற்பகுதியில் பச்சையும் சிவப்புமாய்க் கண்ணாடி பதித்திருக்கக் காணலாம். இக்கலையின் உயர்ந்த நிலையைச் சென்னையில் காண விழைவோர் சாந்தோம் பேராலயத்திற்கோ, சிஷோம் வகுத்த அமைப்பில் 1879இல் கட்டி முடிந்த செனட் மாளிகைக்கோ செல்லுதல் வேண்டும். இக்கண்ணாடி வேலைக்கும் இக்காலச் சென்னை ஓவியர்க்கும் இடையே ஓர் உறவு உண்டு. அவ்வுறவை விளக்கத் தமிழில் ஒரு பழஞ்சொல்லும் உண்டு. அதனை ஈண்டு ஆராய்வோம்.

வண்ணக் கண்ணாடிச் சாளரத்தில் கண்ணாடித் துண்டுகளை இணைத்துப் பிடிப்பவை ஈயப் பட்டைகள். ஒளி பின்னிருந்து வருதலின், அதனை மறைக்கும் ஈயம் கருங்கோடாகத் தோன்றுகிறது. அக்கோடு அழகுக்காக எழுந்ததன்று, தாங்குவதற்காக எழுந்தது. 1871இல் பிறந்த பிரெஞ்சு ஓவியர் ரூவோ, தம் பதினான்காம் அகவையில் இத்தொழிலாளர் ஒருவரிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பிற்காலத்து அவர் துணியில் தீட்டிய முகங்களைச் சுற்றியும் அதே தடித்த கருங்கோடு ஓடுகிறது. அங்கே தாங்குவதற்குக் கண்ணாடி இல்லை; ஆயினும் கோடு நின்றுவிட்டது.

சென்னையில் கோடு இதனினும் ஒரு படி முன்சென்றது. 1944இல் முற்போக்கு ஓவியர் சங்கம் தோன்றவும், 1966இல் சோழமண்டலக் கலைஞர் சிற்றூர் அமையவும் முன்னின்ற கே. சி. எஸ். பணிக்கர், 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் ஓவிய வரிசையைத் தீட்டினார். மாணவர் ஒருவரின் கணக்கேட்டுப் பக்கம் அதற்குத் தூண்டுதல் என்பர். எழுத்துப் போன்று தோன்றி, படிக்க இயலாது நிற்கும் வரிகள் அவை. சாதகக் கட்டங்களையும் சுவடி ஏடுகளையும் ஒருங்கே நினைவூட்டுவன. இவ்வியக்கத்தை நெடிது ஆராய்ந்து எழுதியவருள் தலையாயவர் ஜோசப் ஜேம்ஸ். இவர் பொருளியல் பயிற்றிய ஆசிரியர் என்பது வியப்பிற்குரியது! சென்னைச் சிற்பியரைப் பற்றிய அவர் நூல் 1993இல் வெளிவந்தது. சோழமண்டலம் பற்றி அவர் பதிப்பித்த நூல் 2004இல் வந்தது. முன்னதன் பெயரில் அவர் 'பாணி' என்னாது 'சென்னை உருவகம்' எனப் பொருள்படும் தொடரை ஆண்டமை கருதத்தக்கது. அணியிலக்கணம் கற்ற நமக்கு உவமைக்கும் உருவகத்திற்கும் உள்ள வேற்றுமை தெரியும்: உருவகத்தில் பொருள் வேறு, ஒப்பு வேறு என நில்லா. ஆயின் அவ்விரு நூல்களும் ஆங்கிலத்தில் அமைந்தன. தமிழ்த்துறையினர் அவற்றை எடுத்து ஆராய்ந்தது மிகக் குறைவு. குறை நம்முடையதே.

ஓவியத்தைத் தமிழ்மக்கள் கண்ணால் அறியாதிருந்தனர் அல்லர். கே. எம். ஆதிமூலம் காந்தியடிகள் நூற்றாண்டாகிய 1969இல் அவரைக் கோட்டோவியங்களாகப் பன்முறை வரைந்தார். பின்னர் வார இதழ்களிலும் நூல் அட்டைகளிலும் அவர் கோடு வீடுதோறும் புகுந்தது. கி. ராஜநாராயணனின் கரிசல் எழுத்தை அக்கோட்டோடு சேர்த்தே நினைவுகூர்வார் பலர். இங்கே வண்ணமும் இல்லை, தாங்கவேண்டிய பொருளும் இல்லை. கோடே ஓவியம்.

இதற்குரிய பெயரை மயிலை சீனி. வேங்கடசாமி 1956இல் வெளியிட்ட 'தமிழர் வளர்த்த அழகுக் கலைகள்' என்னும் நூலில் எடுத்துக்காட்டினார். 'புனையா ஓவியம்' என்பது அது. இளமையில் எழும்பூர் ஓவியப் பள்ளியிற் சிறிது காலம் பயின்றவராதலின் இச்சொல் அவர் கண்ணிற்பட்டது போலும். நெடுநல்வாடையிலும் மணிமேகலையிலும் அது பயில்கிறது. வண்ணம் கொண்டெழுதாது கோட்டால் வடிவு காட்டிய சித்திரம் என நச்சினார்க்கினியர் உரை செய்தார்.

ஒரு தடை எழலாம். நெடுநல்வாடையில் இச்சொல் பிரிவால் அணி துறந்த அரசியைக் குறிக்கிறது. புனைதல் இல்லாமை அங்கே ஒரு குறை. ஆதிமூலத்தின் கோட்டில் அஃது குறையன்று, நிறைவு. ஆகவே பழஞ்சொல்லை அப்படியே புதிய ஓவியத்தின்மேல் ஏற்றுதல் பொருந்தாது என்பர். இத்தடை வலியுடையது. எனினும் புலவர் அரசியின் நிலையைக் கூற அவ்வுவமையைத் தேர்ந்தபொழுது, அணியில்லா அவ்வடிவை அழகிலதென்று எண்ணியிருப்பாரா? நாம் அவ்வாறு கருதவில்லை. வண்ணம் நீங்கிய இடத்தும் வடிவு நிற்கும் என்பதை அறிந்தவரே அச்சொல்லை ஆண்டிருத்தல் கூடும்.