காணியும் இருக்கும், காடும் இருக்கும்

நம் பக்கம் வயல்களுக்கு மண் போட்டு நிரப்புவதைப் பார்க்கும்போது நமக்கு பொஸ்டன் ஞாபகம் வருகிறது. அந்நகரம் பெருத்துச் சுற்றியிருந்த காடுகள் வளவுகளாகத் துண்டாடப்பட்ட காலம். 1890இல் சார்ள்ஸ் எலியட் என்ற இளம் நிலவடிவமைப்பாளர் பத்திரிகையொன்றுக்கு எழுதினார்: நூலகம் புத்தகங்களை வைத்திருப்பதுபோல, அழகிய நிலங்களையும் ஓர் அமைப்பு மக்களுக்காக வைத்திருக்கலாமே! மறுவருடமே மசாசூசெட்ஸ் அரசு சட்டமியற்றி அமைப்பை உருவாக்கியது. 1895இல் பிரித்தானியாவின் நெஷனல் டிரஸ்டும் அதை முன்மாதிரியாகக் கொண்டது. எலியட் 37 வயதிலேயே காலமானார்.

பின்னாளில் வந்த முறைதான் நாம் கவனிக்கவேண்டியது. உறுதி சொந்தக்காரர் பெயரிலேயே இருக்கும். விவசாயம் செய்யலாம், விற்கலாம், பிள்ளைகளுக்கும் கொடுக்கலாம். கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் அமைப்புக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். பின்னர் வாங்குபவரும் அதற்குக் கட்டுப்பட்டவரே. (வக்பு செய்தால் காணியே நம் கையை விட்டுப் போய்விடும், இது அப்படியல்ல.) அமைப்பு வருடாவருடம் போய்ப் பார்க்கவேண்டும். பார்க்காவிட்டால் அது வெறும் கடதாசிதான்.