காதில் விழுந்த கல்லும் அஸ்ஸஹ்ராவியின் மெழுகும்

பிள்ளை காதுக்குள் கொண்டைக்கடலையைப் போட்டுக்கொண்டால், நம் வீடுகளில் முதலில் கைக்கு வருவது ஹேர்பின். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூஸில், குர்துபா நகரையடுத்து வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி (ரஹ்) அதைக் கண்டிருந்தால், அந்தக் கையைப் பிடித்து நிறுத்தியிருப்பார்.

ஏறத்தாழ கி.பி. 1000-ஆம் ஆண்டில் அவர் முடித்த ‘அத்தஸ்ரீஃப்’ 30 பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. அதில் சுமார் 200 கருவிகளின் படங்கள் உள்ளன. இந்த எண்ணிக்கையை நாம் பெருமையுடன் சொல்கிறோம். அக்கருவிகளை எந்த வரிசையில் எடுக்கச் சொன்னார் என்பதையோ படிப்பதில்லை.

காதில் கல் விழுந்துவிட்டால், முதலில் சில துளி எண்ணெய். அடுத்து, தும்மல் வரவழைக்கும் மூலிகைப் பொடி. தும்மும் வேளையில் மூக்கை அடைத்து, காதைச் சுற்றித் துணி வைத்து, செவிமடலை மேல்நோக்கி இழுக்க வேண்டும். இதுவரை இரும்பு எதுவும் உள்ளே செல்லவில்லை. பயன் தராவிட்டால்தான் மெல்லிய இடுக்கி. பிறகு சற்றே வளைந்த கொக்கி. அதற்கும் மசியாவிட்டால், ஒரு செம்புக் குழாயைக் காதில் நுழைத்து, எண்ணெயில் இளக்கிய மெழுகால் சுற்றிலும் காற்றுப் புகாதபடி அடைத்து, வலுவாக உறிஞ்ச வேண்டும். பஞ்சு சுற்றிய சலாகையின் முனையில் பசை தடவி ஒட்டி எடுக்கும் வழியும் உண்டு. கத்தி எல்லாவற்றுக்கும் கடைசி.

வித்தாயின் சிக்கல் வேறு. அது ஈரத்தில் ஊறிப் பருத்துவிடும். அதை முழுதாக இழுக்காமல், சிறு கத்தியால் துண்டுகளாக்கிக் கொக்கியால் எடுக்கச் சொல்கிறார்.

இம்முறைகளுள் பல, ஏழாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் பணிபுரிந்த கிரேக்க மருத்துவர் பவுலின் நூலிலும் உள்ளன. அதை மறைத்து அஸ்ஸஹ்ராவியைப் புகழ வேண்டியதில்லை. பிறரது அறிவைப் பெற்று, கருவியைப் படமாக வரைந்து, அடுத்தவர் செய்துகொள்ளும்படி விளக்கியது அவர் ஆற்றிய பெரும் பணி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் துலைத்துலா நகரில் ஜெரார்டு இதை இலத்தீனில் பெயர்த்தார். ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் அதைப் பயின்றனர்.

உறிஞ்சு குழாய் இன்றும் காது மருத்துவரின் மேசையில் இருக்கிறது, உறிஞ்சுவது மின்சாரம். ஆகவே இவற்றில் எதையும் வீட்டில் முயலாதீர்கள். ஹேர்பின் கடலையைச் செவிப்பறை வரை தள்ளிவிடும். பிள்ளையை உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.