தொடர்கதை பைண்டிங்

ஒரு வீட்டில் எந்தப் புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் பைண்டிங் கடைக்காரரைக் கேட்க வேண்டும். பூந்தமல்லியில் என் அப்பா வைத்திருந்த கடைக்கு வந்ததெல்லாம் பெரும்பாலும் பள்ளி நோட்டு, ரசீதுப் புத்தகம், கணக்குப் பேரேடு. கோடை விடுமுறையில் மட்டும் தண்டலம், செம்பரம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் பக்கமிருந்து பெண்கள் மஞ்சள் பையோடு வருவார்கள். பைக்குள் வாரப் பத்திரிகையிலிருந்து பிரித்தெடுத்து அடுக்கிய தொடர்கதைத் தாள்கள் இருக்கும். பைண்டு பண்ணி வைத்துவிட்டால் ஆயுசுக்கும் படிக்கலாம் என்பார்கள். சொன்னபடியே படித்தார்கள். சில வருஷங்களில் முதுகு விட்டுப்போய், அதே புத்தகம் மறுபடி எங்கள் மேஜைக்கு வந்துவிடும்.

இந்தப் பழக்கத்தை ஊர் ஊராகப் பரப்பியதில் கல்கிக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனந்த விகடனில் ‘கள்வனின் காதலி’, ‘தியாக பூமி’ எழுதிப் பெயர் பெற்றவர், 1941இல் நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து தன் பெயரிலேயே பத்திரிகை தொடங்கினார். ‘பார்த்திபன் கனவு’, ‘சிவகாமியின் சபதம்’ இரண்டும் அதில் வந்தன. 1950 அக்டோபர் 29 இதழில் ‘பொன்னியின் செல்வன்’ ஆரம்பித்து 1954 வரை ஓடியது. அதே வருஷம் டிசம்பர் 5 அன்று கல்கி காலமானார். மூன்றரை வருஷத்துக்கு மேல் வாராவாரம் காத்திருந்து படித்த கதையை எடைக்குப் போட யாருக்கு மனசு வரும்? இங்கிலாந்தில் 1836இல் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ மாதம் ஒரு ஷில்லிங் விலையில் பகுதி பகுதியாக வந்தபோதும், வாசகர்கள் அவற்றைச் சேர்த்து பைண்டரிடம் கொடுத்தார்கள்.

பைண்டிங் வேலை பொறுமையானது. முதலில் பின் எடுக்க வேண்டும். துருப்பிடித்த பின்னை அவசரப்பட்டு இழுத்தால் தாள் கிழியும். வார வரிசை சரிபார்த்து, ஓரம் தட்டி, ஊசியால் துளையிட்டு, நூல் கோத்துத் தைப்பார் அப்பா. மைதாப் பசை காய்ச்சும்போது ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார், பூச்சி அரிக்காமல் இருக்க. அதன்பின் அட்டை, முதுகுக்குக் காலிகோ துணி. கடைசியில் ஓரம் வெட்டும்போதுதான் அவருக்குப் பயம். பத்திரிகைக்காரர்கள் எழுத்தை விளிம்புவரை அடித்திருப்பார்கள். அரை விரற்கடை தப்பினால் வரிக்கு ஓர் எழுத்து போய்விடும்.

ஒரு தொகுதியை என்னால் மறக்க முடியாது. நடுவில் ஒரு வாரத்து இதழ் கிடைக்காமல் போயிருக்கிறது. அந்த அத்தியாயம் முழுவதையும் யாரோ ஒரு பெண், அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத் தாளில் நீல மையால் எழுதிச் சேர்த்திருந்தார். படம் இருக்க வேண்டிய இடத்தில் சின்னக் கட்டம் வரைந்து, குதிரைமேல் இருப்பது யார் என்று மட்டும் குறித்திருந்தார். அப்பா அந்தத் தாள்களின் ஓரத்தை வெட்டவே இல்லை. உள்ளே தள்ளித் தைத்தார்.

‘பொன்னியின் செல்வ’னின் ஐந்து பாகங்களில் மறு பைண்டிங்குக்கு அதிகம் வந்தது முதல் பாகமான ‘புது வெள்ளம்’தான். ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கத்துக்கே எல்லோரும் திரும்பத் திரும்பப் போனார்கள். ‘தியாகச் சிகரம்’ பெரும்பாலும் அலுங்காமல் இருக்கும். முடிவு தெரிந்த கதைக்குள் மறுபடி நுழைகிறவர்களுக்கு வாசல்தான் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

கல்கி இதழே பின்னாளில் இந்தக் கதையைப் பலமுறை மறுபடி வெளியிட்டது. முதலில் மணியம் வரைந்தார், பிறகு வினு, பத்மவாசன் என்று ஓவியர்கள் மாறினார்கள். கதையில் வரும் குந்தவைக்கு ஒரு வீட்டுத் தொகுதியில் ஒரு முகம், பக்கத்து வீட்டுத் தொகுதியில் வேறு முகம். கல்கியில் வந்த நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ தாள்களும் கடைக்கு வரும். பிள்ளைகளுக்கு அந்தக் கதையின் நாயகன், நாயகி பெயரையே அரவிந்தன், பூரணி என்று வைத்த வாசகர்கள் அவற்றைக் கொண்டுவருவார்கள். குமுதத்தில் வந்த சாண்டில்யனின் ‘கடல் புறா’வைக் கொண்டுவந்தவர்களில் ஆண்களும் உண்டு.

1969இல் ‘ராணி முத்து’ முழு நாவலையும் ஒரே இதழில் கொடுக்கத் தொடங்கியது. 1999இல் கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமை ஆனதும் பல பதிப்பகங்கள் மலிவு விலையில் போட்டன. பைண்டிங்குக்குத் தேவை குறைந்துபோனது. 2020இல் கல்கி இதழ் அச்சில் வருவதும் நின்றது.

நான் இப்போது தண்டலத்தில் குடியிருக்கிறேன். 1998இல் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கிய பின், இது ஷிப்ட் நேரத்தில் நடக்கிற ஊராகிவிட்டது. 2022இல் மணிரத்னத்தின் ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்தபோது, ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர் கதையைக் கம்பெனி பஸ்ஸில் போனிலேயே படித்தார்கள். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகத்தில் அது இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு பையன் இரண்டாம் முறை தொடங்கிவிட்டதாகச் சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

கதைக்கு இனி ஆபத்தில்லை. பைண்டு பண்ணின தொகுதிகளுக்குத்தான் ஆபத்து. அந்தக் கால ஓவியம், அத்தியாயத்தின் பின்பக்கத்தில் மாட்டிக்கொண்ட விளம்பரம், துணுக்கு, பாட்டியின் கையெழுத்து எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் இப்படிப்பட்ட அச்சுத் தாள்களை ஆயுள் முழுக்கச் சேர்த்தார். அவர் சேகரிப்பிலிருந்து உருவான ஆராய்ச்சி நூலகம் இன்று சென்னை தரமணியில் இருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணில் ஒரு தொகுதி இருந்தால் பழைய பேப்பர் கடைத் தராசில் வைத்துவிடாதீர்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால், அப்படி ஒரு நூலகத்தில் விசாரித்துக் கொடுத்துவிடுங்கள்.